கொலையாளி ஒப்புக்கொண்டால் கதை முடிந்துவிடுமா?

கேள்வி: 2025-இல் மதுரையில் நடக்கும் ஒரு கொலையை வைத்து முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். காவல் ஆய்வாளரின் கேள்விகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கொலையாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு கதை முடிகிறது. முடிவு சப்பென்று இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அதைத் திருத்த வேண்டுமா? பதிப்பகத்தை எப்படி அணுகுவது? - மதுரை வாசகி ஒருவர்.

பதில்: திருத்தத்தான் வேண்டும். காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்காது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23-ஆம் பிரிவில் தொடர்கிறது. உங்கள் நாவல் முடியும் இடத்தில் வழக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் சான்றாக்கலாம். 'சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் கத்தியைப் புதைத்து வைத்திருக்கிறேன்' என்று அவன் சொல்லி, கத்தியும் கிடைத்தால் அந்தச் சொற்கள் செல்லும். 'அந்தக் கத்தியால்தான் குத்தினேன்' என்பது செல்லாது. இனி எல்லாம் மகஜரில், அதாவது கத்தியைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னிலையில் பதிவுசெய்யும் ஆவணத்தில் இருக்கிறது. அதில் சாட்சிக் கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலர் கத்தியைத் தோண்டியெடுத்தபோது உண்மையிலேயே அங்கே நின்றாரா, காவல் நிலையத்தில் உட்கார்ந்தபடி கையெழுத்திட்டாரா, குறுக்கு விசாரணையில் பிறழ் சாட்சியாகிவிடுவாரா என்ற கேள்விகளைப் பின்தொடர்ந்தால், இப்போது இரண்டு பக்கத்தில் முடியும் காட்சி ஐந்து அத்தியாயங்களாக விரியும். சில நாட்கள் அமர்வு நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கொலை வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். இன்னொன்று: பழக்கதோஷத்தில் உங்கள் காவலர் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவான '302' என்று பேசலாம், ஆனால் 2025-இல் நடந்த கொலைக்கான முதல் தகவல் அறிக்கையில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவுதான் இடம்பெற வேண்டும்.

பதிப்பகத்துக்கு முதல் மூன்று அத்தியாயங்களோடு, கொலையாளி யார் என்பதை மறைக்காத கதைச்சுருக்கம் ஒன்றையும் அனுப்புங்கள். முடிச்சு எப்படி அவிழ்கிறது என்று தெரியாமல் குற்றப் புனைவை எந்த ஆசிரியராலும் மதிப்பிட முடியாது. ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் அச்சு வேலை நெருக்கும் என்பதால், மார்ச்சுக்குப் பிறகு அனுப்புவது நல்லது. வாய்மொழி உறுதியை மட்டும் நம்பி உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமைகளை 'அனைத்து உரிமைகளும்' என்ற ஒற்றை வரிக்குள் அடக்கியிருந்தால், அவற்றைத் தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.