விட்ஸுக்கு என்ன ரிம், எவ்வளவு தாழ்த்தலாம்?

165/70 டயரோடு 14 அங்குல ரிம் உள்ள பழைய டொயோட்டா விட்ஸ் காருக்கு 15 அங்குல அலோய் ரிம் போட்டு, காரின் உயரத்தையும் தாழ்த்தினால் கொழும்பு ரோட்டுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

15 தாராளமாகப் போடலாம். 185/55 டயர் எடுங்கள். மொத்த விட்டம் ஏறக்குறைய 2 மி.மீ.தான் குறையும், ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ரிம் பார்க்கும்போது வடிவத்தில் மயங்காமல் அளவைக் கேளுங்கள்: நான்கு நட், பீ.சீ.டி. (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ. துளை பெரிதென்றால் அதற்கான வளையம் போட்டே பூட்டுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். ஒஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) ஒறிஜினலுக்குக் கிட்ட இருக்கட்டும்.

தாழ்த்துவதில்தான் எனக்குப் பயம். ஸ்பிரிங்கை வெட்டித் தரும் கராஜ் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இடம்விட்டு நழுவலாம். தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங், நல்ல ஷொக், 25 மி.மீ. அளவில் இறக்கம், அப்புறம் வீல் அலைன்மென்ட். அதற்குமேல் இறக்கினால் வெள்ளவத்தை ஒழுங்கை வேகத்தடைகளே அடியைப் பதம்பார்க்கும், மழைவெள்ளம் வேறு. வீட்டில் ஐந்து பேரும் ஏறும் கார் என்றால் ரிம்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.