ரங்கனதிட்டு: ஆற்றங்கரையில் அமைதியாக அரை நாள்

கேள்வி: குடும்பத்தோடு மைசூர் போகிறோம். கூடவே எழுபது வயது அம்மாவும் எட்டு வயது மகனும் வருகிறார்கள். அரை நாளாவது சத்தமில்லாத ஓர் ஆற்றங்கரையில் இருக்க ஆசை. காவிரியில் இருக்கும் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம் சரிப்படுமா? எந்த மாதம் போகலாம்?

பதில்: தாராளமாகச் சரிப்படும். ஆனால் சனி, ஞாயிறு வேண்டாம். தசரா, கோடை விடுமுறை நாட்களும் வேண்டாம். முக்கால் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடம் அது. நாலு சுற்றுலாப் பேருந்து வந்து நின்றாலே அமைதி போய்விடும். மைசூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. வார நாளில், காலை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

மாதத்தைக் காவிரியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் கிருஷ்ணராஜசாகர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆற்றின் நடுவே பறவைகள் தங்கும் திட்டுகள் மூழ்கும், படகும் நின்றுவிடும். என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச்தான். மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். வெயிலுக்குப் பாறையில் வாய் பிளந்து கிடக்கும் முதலைகளை உங்கள் மகனே முதலில் கண்டுபிடித்துவிடுவான். முதலை இருப்பதால், படித்துறை போலத் தெரிந்தாலும் எங்கேயும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

துடுப்புப் படகில் போகும்போது பாறைகளின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். தகைவிலான் குருவிகள் ஈர மண்ணை உருட்டி உருட்டி ஒட்டிய கூடுகள் கொத்துக்கொத்தாக இருக்கும். பலரும் நாரையை அண்ணாந்து பார்த்தபடியே இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று மட்டும் படகோட்டியிடம் கேட்காதீர்கள். ஆற்று ஆலா என்ற பறவை கூடு கட்டாது. வெறும் பாறையிலும் மணலிலும் முட்டையிடும். மார்ச், ஏப்ரல் வெயிலில் தாய்ப்பறவை மேலே நின்று நிழல் கொடுத்தால்தான் முட்டை தப்பும். நாம் நெருங்கினால் அது பறந்துவிடும். கொஞ்ச நேரத்தில் முட்டை வெந்துபோகும். ஒரு புகைப்படத்துக்காக அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி மைசூர் மன்னரிடம் எடுத்துச் சொல்லி, 1940-இல் சரணாலயமான இடம் இது. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தப் பறவைகளுக்காக இவ்வளவு பேர் பாடுபட்டிருக்கிறார்கள். நாம் குரலைத் தாழ்த்திக்கொண்டாலே போதும்.

மங்கலான நிறத்தில் உடை, தொப்பி, தண்ணீர், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். தின்பண்டப் பொட்டலங்களை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். பறவைக்கோ குரங்குக்கோ எதையும் போடாதீர்கள்.

அம்மாவுக்குப் படகில் ஏறி இறங்குவது சிரமம் என்றால் வற்புறுத்த வேண்டாம். கரையோர மூங்கில் நிழலில் உட்கார்ந்தாலே எதிர்த் திட்டின் மரங்கள் நன்றாகத் தெரியும். பைனாகுலரை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்களும் மகனும் போய் வாருங்கள். திரும்பியதும் அவசரப்படாமல் கரையிலேயே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள்.