தண்ணீர் குடித்த லேப்டாப் போர்டு: கேள்வி பதில்

சமீபத்தில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். லேப்டாப்பில் ஏதோ கொட்டிவிட்டது. பவர் இல்லை, அல்லது சார்ஜ் ஏறவில்லை. தினமும் லேப்டாப்பின் மெயின் போர்டை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து நான் பார்க்கும் வேலை இதுதான். அதனால் கேள்விகளைச் சுருக்கிவிட்டு, பதிலை வேண்டிய இடத்தில் விரித்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நேற்று இரவு கீபோர்டில் காபி கொட்டிவிட்டது அண்ணா. உடனே ஆஃப் செய்து கவிழ்த்து வைத்தேன். அப்புறம் அரிசிப் பையில் போட்டேன். இன்று மாலை ஆன் செய்தால் நன்றாக ஓடுகிறது. இனி பயமில்லையே? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இனிமேல்தான்மா கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் ஆஃப் செய்தாலும், பேட்டரி போர்டில் மாட்டியிருக்கும்வரை சில லைன்களில் (போர்டில் ஓடும் செம்புப் பாதைகளில்) மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் அதை உணர்வதற்கு உள்ளே ஏதோ ஒன்று விழித்திருக்க வேண்டுமே! அந்த மின்சாரமும் ஈரமும் சேரும்போது செம்பு கரைந்து பக்கத்துச் சிப்பின் உலோகக் காலில் போய்ப் படிகிறது. பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துக் கிடக்கும் களிம்பு அப்படி வருவதுதான். பாலும் சர்க்கரையும் கலந்த காபி வெறும் தண்ணீரைவிட மோசம். ஈரம் காய்ந்தாலும் அந்தப் படலம் போகாது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் கழித்து "திடீரென்று டெட் ஆகிவிட்டது" என்று என்னிடம் வருபவை பெரும்பாலும் இப்படி ஒருமுறை காய்ந்து பிழைத்தவைதான்.

ஐசிக்கு, அதாவது போர்டில் இருக்கும் கறுப்புச் சிப்புக்கு, அடியில் இருக்கும் ஈரம் அரிசிக்கு எட்டவே எட்டாது. இப்போது எப்படியும் ஓடிக்கொண்டிருப்பதால் முக்கியமான ஃபைல்களை மட்டும் முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆஃப் செய்து, பின்மூடியைக் கழற்றி, வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். போர்டை வெளியே எடுத்துக் கழுவாமல் திரும்ப ஆன் செய்ய வேண்டாம்.

கேள்வி: ஹேர் டிரையர் பிடித்துக் காய வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் காற்று தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும், சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும். ஒட்டிய அழுக்கு அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் எதை வைத்துக் கழுவுவது? 70 சதவீத ஸ்பிரிட் போதுமா? – ஈரோடு

பதில்: 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். 70 என்றால் மீதி 30 தண்ணீர்தான். மென்மையான பிரஷ் போதும். கனெக்டர்களின் உள்பக்கம், ஐசிகளின் ஓரம், ஷீல்டுக்கு (சிப்புகளை மூடும் தகர மூடிக்கு) அடியில் இருக்கும் இடம், இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். ஆல்கஹாலும் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கடையில் அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் கழுவும் தொட்டி) இருந்தால் அதுதான் சிறந்தது, பிரஷ் போகாத இடத்துக்கு அது போகும். ஆனால் அதில் எடுத்த போர்டை ஆல்கஹாலில் அலசி, முழுவதும் காய்ந்த பிறகே பவர் கொடுக்க வேண்டும்.

கேள்வி: சார், மேக்புக் ஏர் ஏ1466, தண்ணீர் பட்டது. சார்ஜரில் பச்சை லைட் வருகிறது, ஆனால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. சார்ஜிங் போர்டை மாற்றிவிட்டேன், பேட்டரியையும் மாற்றிவிட்டேன். அடுத்து சார்ஜிங் ஐசியை மாற்றலாமா? – சர்வீஸ் கடை வைத்திருப்பவர், மதுரை

பதில்: தம்பி, மாற்றுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மீட்டரை எடுங்கள். இரண்டு பார்ட்டுக்குக் காசு போயிருக்கிறது, ஆனால் ஒரு வோல்டேஜ்கூட எனக்கு எழுதவில்லையே.

பச்சை லைட் வருவதே நல்ல சேதி. சார்ஜரும் போர்டில் பவரைக் கவனிக்கும் எஸ்எம்சி என்ற சிப்பும் பேசிக்கொண்டால்தான் அது எரியும். அப்படியென்றால் எஸ்எம்சிக்குப் பவர் கொடுக்கும் 3.42 வோல்ட் லைன் உயிரோடு இருக்கிறது. அடுத்து பார்க்க வேண்டியது பிபிபஸ் என்ற முக்கிய பவர் லைன். இந்த மாடலில் சார்ஜர் கொடுப்பது 14.85 வோல்ட். அதைச் சார்ஜிங் ஐசி குறைத்து, பிபிபஸ்ஸில் சுமார் 8.6 வோல்ட்டாக வைக்கும். மற்ற எல்லா லைனும் அதிலிருந்துதான் பிறக்கிறது. அங்கே எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள்.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சார்ஜர், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு, அதே இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். சில ஓம்தான் காட்டுகிறது என்றால் ஷார்ட், அதாவது அந்த லைன் எங்கோ நேராகக் கிரவுண்டில் ஒட்டிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க பவர் சப்ளையில் 1 வோல்ட் வைத்து, ஆம்ப் லிமிட் போட்டு, அந்த லைனுக்குள் கொடுங்கள். மேலே ஆல்கஹால் தடவினால் எந்த பார்ட் மேல் முதலில் காய்கிறதோ அதுதான் சூடாகிறது. பெரும்பாலும் ஒரு செராமிக் கெபாசிட்டர் சிக்கும். ஏன் 1 வோல்ட், ஏன் 8 கொடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். சில சமயம் ஷார்ட் ஆனது கெபாசிட்டராக இருக்காது. சிபியுவுக்கு வோல்டேஜ் கொடுக்கும் மாஸ்ஃபெட்டாக (சுவிட்ச் போல வேலை செய்யும் பார்ட்டாக) இருக்கும். அப்போது நீங்கள் கொடுக்கும் 8 வோல்ட் நேராகப் போய் சிபியு தலையில் இறங்கும். 1 வோல்ட் என்றால் அது தாங்கும்.

ஷார்ட்டே இல்லை, ஆனாலும் 8.6 வரவில்லை என்றால் சார்ஜிங் ஐசியைச் சுற்றிப் பாருங்கள். சார்ஜர் ஆம்பை அளக்க பெரிதாக ஒரு சென்ஸ் ரெசிஸ்டர் இருக்கும். அதன் இரண்டு முனையிலிருந்தும் கசகசா அளவு ரெசிஸ்டர்கள் வழியாக ஐசிக்கு லைன் போகும். போன மாதம் என் மேஜைக்கு வந்த போர்டில் அவை பார்க்கப் பளபளவென்று இருந்தன. ட்வீசர் நுனியால் ஒன்றை லேசாகத் தொட்டேன். உதிர்ந்துவிட்டது, அடியில் அதைச் சால்டர் செய்திருந்த பேடு கறுத்துப் போயிருந்தது. அந்த லைன் அறுந்தால் ஐசிக்குக் கணக்குத் தப்பிவிடும், நல்ல ஐசியும் வேலை செய்யாது. அதனால் அங்கே ஒவ்வொரு ரெசிஸ்டரையும் ஸ்கிமேட்டிக்கில் (போர்டின் சர்க்யூட் வரைபடத்தில்) போட்டிருக்கும் மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்த பிறகு ஐசியை மாற்றுங்கள். அளந்த எண்களை எழுதி அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

கேள்வி: மேக்புக் சார்ஜரில் ஓடுகிறது. ஆனால் பேட்டரி படத்தில் எக்ஸ் குறி. புது பேட்டரி போட்டும் அதேதான். மிகவும் மெதுவாகவும் ஆகிவிட்டது. – கோயம்புத்தூர்

பதில்: மெதுவானது வைரஸால் இல்லை. பேட்டரி தெரியவில்லை என்றால் மேக் தானாகவே சிபியு வேகத்தைக் குறைத்துவிடும். பேட்டரி கனெக்டரில் பெரிய பின்கள் தவிர, பேட்டரியும் போர்டும் பேசிக்கொள்ள எஸ்டிஏ, எஸ்சிஎல் என்று இரண்டு மெல்லிய லைன்கள் உண்டு. கூடவே பேட்டரி மாட்டியிருக்கிறது என்று சொல்லும் ஒரு பின்னும் உண்டு. பவர் இல்லாமல், மீட்டரை டயோடு மோடில் வைத்து, எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் அளந்தால் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். பவரில் இரண்டிலும் மூணே சொச்சம் வோல்ட் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் கனெக்டரின் பின்னையும், அந்த லைனின் வோல்டேஜை மேலே தூக்கிப் பிடிக்கும் ரெசிஸ்டரையும் பாருங்கள். கடை உங்கள் பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம், உப்பவில்லை என்றால் அது நன்றாகவே இருக்கலாம்.

கேள்வி: டெல் லேப்டாப். தண்ணீர் பட்ட பிறகு 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வருகிறது. ஆன் செய்யும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்றும் சொல்கிறது.

பதில்: பேட்டரி வாங்கிவிடாதீர்கள். டெல் அடாப்டரின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி பவருக்கு இல்லை. தான் யார், எத்தனை வாட் என்று அடாப்டர் போர்டுக்குச் சொல்லும் வழி அது. அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால் போர்டு நம்பிச் சார்ஜ் ஏற்றாது. முதலில் நண்பரின் டெல் அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே செய்தி வந்தால் அடாப்டர் செருகும் டிசி ஜாக்கில் ஈரம் போயிருக்கலாம். பல மாடல்களில் ஜாக் தனி வயரோடு வருகிறது, விலையும் குறைவு. ஜாக்கும் சரி என்றால்தான் போர்டு.

கேள்வி: டைப்-சி மேக்புக் ப்ரோ. யுஎஸ்பி மீட்டரில் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது, 20க்குப் போகவே இல்லை. – தொழில் கற்றுக்கொண்டிருப்பவர், சேலம்

பதில்: எல்லா டைப்-சி போர்ட்டிலும், பிளக்கைத் திருப்பியும் போட்டுப் பார்த்தீர்களா? ஒன்றில் மட்டும் 20 வந்தால் கோளாறு மற்ற போர்ட்டின் பின்னிலோ அதன் ஐசியிலோ இருக்கிறது. எதிலும் வரவில்லை என்றால், சார்ஜரோடு பேசி 20 கேட்கும் ஐசிகளைப் பாருங்கள். 2016 முதல் 2018 வரையுள்ள ப்ரோக்களில் அது சிடி3215, போர்ட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய 3.3 வோல்ட்டைத் தானே உண்டாக்கும். எது உண்டாக்கவில்லை என்று வரிசையாக அளந்து வாருங்கள். ஒன்று கெட்டாலும் மற்றவற்றைப் பிடித்து நிறுத்திவிடலாம்.

கேள்வி: கழுவியதும் லேப்டாப் ஆன் ஆகிறது. டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறது, வெளிச்சம் இல்லை.

பதில்: பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு. ஃபியூஸ், டிஸ்பிளே கனெக்டர் இரண்டையும் பாருங்கள். பேட்டரியைக் கழற்றாமல் டிஸ்பிளே கேபிளில் கை வைக்காதீர்கள். பேக்லைட் வோல்டேஜ் பல மடங்கு அதிகம். ஒரு பின் தள்ளிப் பட்டால் பக்கத்து டேட்டா லைன் வழியாகச் சிபியுவரை போய்விடும்.

கேள்வி: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜ் மட்டும் ஏறுகிறது. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜரை இப்போதே பிடுங்குங்கள். நீங்களே அழுத்தவோ நெம்பவோ வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போர்டே மாற்ற வேண்டும் என்கிறது கடை. எம்1 மேக்புக். அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. போர்டை மாற்றினால் படங்கள் வருமா? – தஞ்சாவூர்

பதில்: வராது. சம்மதம் சொல்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மாடலில் ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி எம்1 சிப்புக்குள் இருக்கிறது. ஸ்டோரேஜ் சிப்பைத் தனியாக எடுத்து வேறு போர்டில் வைத்தாலும் படிக்க முடியாது. படங்கள் வேண்டுமென்றால் இதே போர்டு ஒருமுறையாவது எழுந்து நிற்க வேண்டும்.

அதனால் கடையில் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: பழைய போர்டு எனக்குத் திரும்ப வேண்டும், யாரும் சோதனைக்காகத் திரும்பத் திரும்ப பவர் கொடுக்க வேண்டாம். பிறகு போர்டு லெவலில் வேலை செய்பவரிடம் கொண்டு போய், "லேப்டாப் ஓட வேண்டாம், டேட்டா போதும்" என்று சொல்லுங்கள். அது வேறு வேலை. கீபோர்டு, ஸ்பீக்கர், கேமரா எதையும் பார்க்க வேண்டியதில்லை. சிப்புக்கு வேண்டிய வோல்டேஜ்கள் மட்டும் வந்தால் போதும், அரை மணி நேரம் ஓடினாலே காப்பி எடுத்துவிடலாம். சிப்புக்கு அடியிலேயே களிம்பு ஏறியிருந்தாலோ போர்டின் உள் அடுக்கில் ஷார்ட் இருந்தாலோ கஷ்டம். மற்றபடி நல்ல வாய்ப்பு இருக்கிறது. பாஸ்வேர்டை மறக்காமல் எழுதிக் கொண்டு போங்கள், அது இல்லாமல் எழுந்த போர்டிலிருந்தும் எதுவும் எடுக்க முடியாது.