மலையகத்தில் மிஷன் பள்ளி தேடும் சகோதரிக்கு

கணவரின் தேயிலைத் தொழிற்சாலை வேலைக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டனுக்கு வரப்போகும் ஒரு சகோதரியின் கேள்வி இது: "மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அங்கே மிஷன் பள்ளி கிடைக்குமா? பிள்ளைகளின் விசுவாசம் வளர அது போதுமா?"

சகோதரி, வாசலில் இருக்கும் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மிஷனரிமார் தொடங்கிய பாடசாலைகள் இங்கே ஏராளம். ஆனால் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு அவற்றில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டன. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி மெதடிஸ்த மிஷன் தொடங்கியது, இன்று அரசாங்கப் பாடசாலை. கண்டியில் ட்ரினிட்டி, ஹில்வூட் போன்ற சிலவே இன்னும் திருச்சபையோடு நிற்கின்றன. புனிதர் பெயர் கொண்ட பாடசாலையின் காலைக் கூட்டத்தில் தேவாரம் கேட்டால் திகைக்க வேண்டாம். படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சைவர்கள்.

நம் ஊரில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. தரம் 1 (ஒன்றாம் வகுப்பு) முதல் சாதாரண தரம் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) வரை சமயம் கட்டாயப் பாடம். சமயப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும்: ஒரு கூட்டம் சைவநெறிக்கு, ஒரு கூட்டம் இஸ்லாத்துக்கு, நம் பிள்ளைகள் வேறு அறைக்கு. பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். வருமுன்பே ஒருமுறை புரட்டுங்கள்.

வந்தவர்கள் அதிகம் சறுக்குவது பாடத்தின் பெயரில்தான். 'கத்தோலிக்க திருமறை' ஒரு பாடம், 'கிறிஸ்தவம்' இன்னொரு பாடம். நூலும் வேறு, வினாத்தாளும் வேறு. "எல்லாம் இயேசுதானே" என்று சேர்க்கை விண்ணப்பத்தில் எதையாவது எழுதிவிட்டால் பிள்ளைதான் திண்டாடும். தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது நமக்கு ஐந்தாம் கட்டளை, கத்தோலிக்கருக்கு நான்காவது. நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், அவர்களுடையதில் 73. வீட்டில் 'சுவிசேஷம்' என்று படித்த பிள்ளைக்கு 'நற்செய்தி' என்ற சொல்லே முதலில் அந்நியமாக இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது 'கிறிஸ்தவம்'. சி.எஸ்.ஐ. என்று சொன்னால் இங்கே பலருக்குப் பிடிபடாது. 1947இல் அங்கே ஒன்றான சபைகள் இங்கே ஒன்றாகவில்லை, ஆங்கிலிக்கனும் மெதடிஸ்தும் தனித்தனி. திருநெல்வேலி ஆராதனை முறைக்குப் பழகியவர்களுக்கு ஆங்கிலிக்கன் ஆலயம் அதிகம் அந்நியமாக இருக்காது.

அதிபரை, அதாவது தலைமையாசிரியரை, சந்திக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் இவற்றைக் கேளுங்கள்: கிறிஸ்தவம் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், கற்பிப்பவர் யார், அந்தப் பாடவேளை நேரசூசியில் (கால அட்டவணையில்) உண்மையில் எந்த நாளில் இருக்கிறது. மூன்றாவது கேள்விதான் முக்கியம். நாலைந்து பிள்ளைகளே இருக்கும் இடத்தில் ஆசிரியர் இல்லாமல் போவதுண்டு. அப்போது பிள்ளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது புள்ளிக்காக (மதிப்பெண்ணுக்காக) சைவநெறியில் சேர்த்துவிடுவார்கள். அப்படியானால் போதகரையோ உபதேசியாரையோ அதிபரிடம் அழைத்துச் சென்று, பாடத்தை ஆலயத்தில் நடத்தி, தவணைப் பரீட்சையைப் பாடசாலையில் எழுத வைக்க முடியுமா என்று பேசுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்கான அனுமதி தனிக் காரியம், அதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

பாடநூல் புள்ளி தரும், விசுவாசம் தராது. ஆபிரகாமின் வாழ்க்கையை ஐந்து வரியில் ஒப்புவிக்கும் பிள்ளைக்கு ஜெபிக்கத் தெரியாமலிருக்கலாம். அதைக் கற்றுக்கொடுக்கும் இடம் ஞாயிறு பாடசாலை. அதற்குப் பெரிய எதிரி பிற மதமல்ல, டியூஷன். மகன் தரம் 4 தொட்டதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு ஞாயிறு காலையைக் கேட்கும். சேரும் முன்பே "ஞாயிறு பத்து மணி வரை வரமாட்டான்" என்று சொல்லி, சனிக்கிழமை வகுப்பைப் பேசி வையுங்கள். பாதியில் மாற்றுவது கடினம். இன்னொன்று: மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) இங்கே எதிர்பார்க்காதீர்கள், அப்போது பாடசாலை நடக்கும். நீண்ட விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் வரும்.

பாடசாலையில் நவராத்திரிக்கு நடக்கும் சரஸ்வதி பூசையான வாணி விழாவுக்கு என்ன செய்வது என்பதைச் செப்டம்பரிலேயே வீட்டில் பேசுங்கள். அன்று காலை வாசலில் நின்று முடிவெடுத்தால் பிள்ளை பயந்துபோகும். மரியாதையாக நிற்கலாம், நாற்காலி அடுக்கலாம், தோழிகளின் நடனத்துக்குக் கைதட்டலாம், பூசையில் சேரத் தேவையில்லை என்பது என் கருத்து. பிள்ளையை அன்று வீட்டிலேயே நிறுத்திவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அது மற்றவரைத் தாழ்வாகப் பார்க்கவே கற்றுக்கொடுக்கும். "உங்கள் சாமிக்கு ஏன் சிலை இல்லை?" என்று தோழி கேட்டதை மகள் வந்து சொன்னால், பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று முதலில் கேளுங்கள். ராத்திரி பதினைந்து நிமிடக் குடும்ப ஜெபத்தில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம்.

கண்டிக்குப் போகும்போது அனுமதி கேட்டு ட்ரினிட்டி கல்லூரியின் ஆலயத்தைக் காட்டுங்கள். கண்டி மரபில் கல் தூண்களும் மரக் கூரையுமாக, பக்கச் சுவர்கள் இல்லாமல் திறந்து நிற்கும். உள்ளே டேவிட் பெயின்டர் (Paynter) என்ற இலங்கை ஓவியர் வரைந்த சுவரோவியங்களில் வேதாகம மனிதர்கள் இந்த மண்ணின் முகங்களோடு இருக்கிறார்கள். கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் மதம்தானே என்று யாராவது கேட்டால், பிள்ளை நினைத்துக்கொள்ள ஒரு படம் இருக்கும்.

ஞானஸ்நானச் சான்றிதழின் மூலப் பிரதியையும் உங்கள் குருவானவரின் அறிமுகக் கடிதத்தையும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் கேட்பார்கள், மகளின் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்புக்கும் தேவைப்படும்.