நிலத்தடிப் பொந்து தேடல்: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

மல்லாவியிலிருந்து: அண்ணை, கிணறு வெட்டும்போது கருங்கல்லில் சம்மட்டி பட்டால் 'டொம்' என்று கேட்குது. கீழே எரிமலைக் குகை ஏதும் இருக்குமோ?

இல்லைத் தம்பி. வன்னியின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ் (gneiss), அதாவது பழைய பாறை நிலத்தடி வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி உண்டான கல். எரிமலை கக்கியது அல்ல. ஓடுகிற லாவாவின் மேல்தோல் இறுகி, உள்ளே இருந்தது வடிந்துபோனால் மிஞ்சுகிற சுரங்கம்தான் லாவாக் குழாய். ஹவாயில் கசுமுரா குகை 60 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது. உங்கள் 'டொம்', மேல்தட்டுப் பாறை கீழ்ப்பாறையை விட்டு விலகி நிற்பதால் வரலாம். முழங்காவில், பூநகரிப் பக்கம் என்றால் கதை வேறு. அங்கே சுண்ணக்கல், தண்ணீர் கரைத்த பொந்துகள் இருக்க இடமுண்டு.

வவுனியா மாணவி: சம்மட்டி அடித்து, லாவா இறுகி உண்டான கரும்பாறையான பசால்ட்டுக்குள் குகையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரும்புத் தட்டில் அடிப்போம். வரிசையாக நிலத்தில் குத்திய ஜியோபோன்கள் (நில அதிர்வை உணரும் சிறு கருவிகள்) அதிர்வு வந்து சேரும் நேரத்தைப் பதியும். இறுகிய பசால்ட்டில் அலை செக்கனுக்கு 5 கிலோமீற்றர் அளவில் ஓடும், காற்றில் 340 மீற்றர்தான். ஆனால் அலை குகைக்குள் புகுந்து மெதுவாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஆகவே நாம் பார்ப்பது சின்னத் தாமதமும், வலுக்குறைந்த அதிர்வும், நிலமேற்பரப்பு அலையில் ஒரு குழப்பமும். முறிவலை முறையோ (பாறை அடுக்குகளில் முறிந்து திரும்பும் அலையின் நேரத்தை வைத்து ஆழம் கணிப்பது), கீழே போகப்போக வேகம் கூடும் என்று நம்பிக் கணக்குப் போடுவது. குகை அந்த நம்பிக்கைக்கே நேரெதிர்! இதற்கு மேல், லாவா அடுக்குகளுக்கிடையே கிடக்கும் உடைகல்லும் அலையைத் தாமதிக்கும். அதைக் குகை என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அதனால் நிலத்தின் மின்தடையும், அதாவது மின்னோட்டத்துக்கு நிலம் காட்டும் எதிர்ப்பும், அளப்பேன். காற்று நிறைந்த குகை மின்தடையை ஏற்றிக் காட்டும், ஈர உடைகல் இறக்கும். கடைசியில் துளை போட்டுத்தான் நிச்சயம்.

கிளிநொச்சியிலிருந்து: எவ்வளவு சின்னக் குகை தெரியும்?

அலைநீளத்தின் காற்பங்கு என்பது பருமட்டான எல்லை. 4000 மீற்றர் வேகம், 100 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 100 அதிர்வு) என்றால் அலைநீளம் 40 மீற்றர், காற்பங்கு 10. மூன்று மீற்றர்க் குகை நழுவிவிடும். ஆழமும் அப்படித்தான்: 24 ஜியோபோனை 2 மீற்றருக்கு ஒன்றாக வைத்தால் முறிவலையில் பத்து மீற்றர் வரை பார்ப்பதே பெரிசு.

மாங்குளத்திலிருந்து: தரைக்குள் ரேடியோ அலை அனுப்பிப் பார்க்கும் தரை ரேடார் உதவுமா?

காய்ந்த பசால்ட்டில் அருமை. களிமண்ணில் வீண்.

ஒட்டுசுட்டானிலிருந்து: எங்கள் காணியில் நானே செய்து பார்க்கலாமா?

கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணிதான் என்று முதலில் உறுதிப்படுத்துங்கள் ஐயா. ஜியோபோன் முள் குத்துவதும் சம்மட்டி அடிப்பதும் அதற்குப் பிறகு. கிணற்றுத் தண்ணீருக்காக என்றால் இது வேண்டாம், மின்தடை அளவீடே போதும்.