பனி மூடிய சோலார் பேனல்: அகற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் சாய்கூரையிலுள்ள சோலார் பேனல்கள் குளிர்காலத்தில் பல நாட்கள் பனிக்கு அடியிலேயே கிடக்கின்றன. மேல் பாதி வெளியே தெரியும் நாட்களில்கூட மின் உற்பத்தி இல்லை. வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைக்கலாமா?

பதில்: வெந்நீர் வேண்டவே வேண்டாம். உறைகுளிரில் இருக்கும் கண்ணாடி திடீரெனச் சூடேறினால் விரிசல் விடக்கூடும்; தப்பினாலும், வழிந்தோடும் நீர் கீழ் விளிம்பில் மீண்டும் உறைந்து, அகற்றுவதற்கு இன்னும் கடினமான பனிக்கட்டியாகப் பற்றிக்கொள்ளும். உப்புத் தூவினால் அலுமினியச் சட்டம் அரிக்கும்.

குளிர் பேனலுக்குப் பகையன்று. பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் செல்லின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மின்திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் வரை கூடும். பனியின் எடையைப் பொறுத்தவரை, பல பேனல்கள் 5400 பாஸ்கல் அழுத்தம் வரை, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 550 கிலோ வரை, சோதிக்கப்பட்டவை. உங்கள் பேனல் தாங்கும் அளவை அதன் விவரத்தாளில் பாருங்கள். பனி மிகுந்தால் நான் முதலில் கவலைப்படுவது பேனலைப் பற்றியல்ல, கூரையைப் பற்றித்தான். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்டறிவது நல்லது.

மேல் பாதி தெரிந்தும் மின்சாரம் வராததற்குக் காரணம் செல்களின் இணைப்பு முறை. வழக்கமான பேனலில் செல்கள் தொடராக இணைந்த மூன்று குழுக்களாக, நீளவாக்கில் ஓடுகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பைபாஸ் டையோடு உண்டு; குழுவில் ஒரு செல் மறைந்தாலும் அந்தக் குழுவையே விலக்கி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பாகம் அது. பேனலை நெடுக்காகப் பொருத்தியிருந்தால், கீழ் வரிசையை மட்டும் மூடும் பனிகூட மூன்று குழுக்களையும் ஒருசேர முடக்கிவிடும். கிடையாகப் பொருத்தியிருந்தால் ஒரு குழு மட்டுமே இழப்பாகும். அரைவெட்டு செல் பேனல்களை, அதாவது செல்களைப் பாதியாக வெட்டி மேல், கீழ் என இரு பகுதிகளாக இணைத்தவற்றை, நெடுக்காக வைத்தாலும் மேல் பாதி தனியே இயங்கும்.

ஆகவே, அகற்றுவதாக இருந்தால் கீழ் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். அங்கே வழி திறந்தால், வெயிலில் கண்ணாடி சூடேறி மீதிப் பனி தானாகவே சறுக்கிவிடும். தரையில் நின்றபடி, நீண்ட கைப்பிடியும் நுரைத் தலையும் கொண்ட பனித்தள்ளியால், பனி விழும் பாதையிலிருந்து விலகி நின்று மெல்லத் தள்ளுங்கள். உலோகத் தள்ளி கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். ஒட்டிக்கொண்ட அடிப்படலத்தைச் சுரண்டாதீர்கள். கூரைமேல் ஏறாதீர்கள், குறுகிய குளிர்காலப் பகலில் கிடைக்கும் சொற்ப மின்சாரத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

லித்தியம் பேட்டரி இருந்தால், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்வது நிரந்தரச் சேதம் தரும். சூடேற்றும் வசதியோ தானாகத் துண்டிக்கும் பாதுகாப்போ அதில் உள்ளதா என்பதைக் குளிர் தொடங்குமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.