மகேந்திரன் இயக்கிய முதல் படம்: மூன்று பெயர்களில் எது சரி?

மகேந்திரன் இயக்கிய படங்களைப் பட்டியலிடும் நீங்கள், ‘முள்ளும் மலரும்’, ‘கோகிலா’, ‘தங்கப்பதக்கம்’ மூன்றில் எது அவருடைய முதல் படம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1978இல் வந்த ‘முள்ளும் மலரும்’தான். உங்கள் பட்டியலிலிருந்து ‘கோகிலா’ (1977), ‘தங்கப்பதக்கம்’ (1974) இரண்டையும் அடித்துவிடுங்கள்.

‘கோகிலா’ பாலு மகேந்திரா இயக்கிய கன்னடப் படம். பெயர் ஒற்றுமையால் வந்த வினை இது. போதாக்குறைக்கு ‘முள்ளும் மலரும்’ படத்தின் ஒளிப்பதிவாளரே பாலு மகேந்திராதான்; தேடுகிறவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்! மகேந்திரன் இளையான்குடிக்காரர், எழுத்து வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். மற்றவர் இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர்.

‘தங்கப்பதக்கம்’ விவகாரம் வேறு. கதை, வசனம் மகேந்திரன்; இயக்கியவர் பி. மாதவன். இயக்குநராகும் முன்பு மகேந்திரன் பிறர் படங்களுக்கு நிறைய எழுதியிருப்பதால், இப்படி இன்னும் சில படங்கள் உங்கள் பட்டியலில் நுழைந்திருக்கக்கூடும். சந்தேகமான படத்தின் டைட்டிலை ஓடவிட்டு, இயக்கம் என்று யார் பெயர் வருகிறது என்பதை மட்டும் பாருங்கள். இணையத்தில் சுற்றும் சுவரொட்டிகளை நம்ப வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம். ‘கதை’ என்ற கட்டத்தில் எல்லாப் படங்களுக்கும் அவர் பெயரையே நிரப்பிவிடாதீர்கள். ‘முள்ளும் மலரும்’ உமாசந்திரனின் நாவல். ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்தது. இரண்டிலும் மூலத்தை விட்டு வெகுதூரம் விலகிப் போயிருக்கிறார், என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய பலம். அதற்காக மூல ஆசிரியர்களின் பெயர் விடுபட்டுவிடக் கூடாது.